சம்பந்திக்கு இங்கிலீஷ்ல என்ன?

— அப்போ நீங்களே சொல்லுங்க பாக்கலாம். சம்பந்திக்கு இங்கிலீஷ்ல என்ன?

— சாந்தா, மொதல்ல சீட் பெல்ட்டைப் போடு.

— போட்டாச்சுங்க. பேச்சை மாத்தாதீங்க. இத்தனை வருஷமா நியூ ஜெர்சில இங்கிலீஷ் பேசித்தானே சம்பாதிக்கறீங்க, மிஸ்டர் கிட்டுசாமி? சொல்லுங்க.

— சம்பந்தின்னா... இன்-லாஸ்.

— அது மாமனார் மாமியாரு. நான் கேக்கறது, பொண்ணைப் பெத்தவருக்குப் பையனைப் பெத்தவரு என்ன வேணும்?

— ம்... டாட்டரோட... ஹஸ்பண்டோட... ஃபாதர்.

— அது விலாசமுங்க. நான் கேட்டது பேரு.

— சரி, இல்லை. இங்கிலீஷ்காரன் தோத்துட்டான். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கறே? மடியில அரிசிம்பருப்பு சாதம் இருக்குது. என்ற வண்டியெல்லாம் மஞ்சளாயிரும்.

— மூடி இறுக்கமாத்தான் இருக்குது. கேளுங்க... லூர்து பாஷைல அதுக்கு ஒரு வார்த்தை இருக்குதாமுங்க! 'பலாயி'!

— பலாச்சுளையா?

— தின்ற நெனப்புதான் உங்களுக்கு. ப-லா-யி. பஸ்ஸுக்கு வர்ற ப.

— யாரு இந்த லூர்து?

— விளையாடறீங்களா? என்ற லேப்ல பக்கத்து பென்ச்சு. ஃபிலிப்பைன்ஸ்காரி, செபுங்கற தீவு. இப்ப ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோற பாட்லக்குக்கு பெர்கன்ஃபீல்டுல யாரு வீட்டுக்குப் போயிட்டிருக்கறோம்? அவ வீட்டுக்குத்தான்.

— அட, ஆமா... சொல்லு.

— நேத்து லஞ்ச்ல பேச்சுவாக்குல சொன்னேன். எங்க ஊர்ல பொண்ணைப் பெத்தவங்களும் பையனைப் பெத்தவங்களும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்கறதுக்கே தனியா ஒரு பேரு இருக்குதுன்னு. அவ ஃபோர்க்கைக் கீழ வெச்சுப்போட்டு, 'எங்களுக்கும் இருக்கு'ன்னு கத்தறா. நானும் கத்தறேன். சூப்பர்வைசர் என்னமோன்னு ஓடி வந்துட்டாரு.

— ஆசிட் கொட்டிருச்சுன்னு நெனைச்சிருப்பாரு.

— செபுல பலாயி. மணிலாப் பக்கம் 'பலாயே'. வடக்கே இலோக்கானோக்காரங்க 'அபலாயான்'. அதுக்குள்ள இந்தோனேசியாக்காரி டெவி வந்து, 'எங்களுக்கு பெசான்'ங்கறா. வார்த்தை வேற, ஆனா அவங்ககிட்டயும் இருக்குது பாருங்க!

— லஞ்ச் டேபிளே சம்பந்தி ஆயிருச்சு.

— நக்கல் பண்ணாதீங்க. பெரிய விசேஷமே இனிமேல்தான். செபுல 'பலாய்'னா வீடு.

— பலாய் வீடு... பலாயி சம்பந்தி.

— ஆங்! அதுல இருந்துதான் இது வந்துச்சுன்னு லூர்து நெனைக்கறா. அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் சொன்னா. ஆனா அந்த வீடு இருக்குதே... அந்தச் சொல்லு கடலையே தாண்டியிருக்குதுங்க! நேத்து சாயங்காலம் பூரா நோண்டினேன். மலாய்ல 'பாலாய்', ஊர்க்கூடம் மாதிரி. ஃபிஜில 'வாலே'. சமோவால 'ஃபாலே'. நியூசிலாந்து மாவோரிக்காரங்க 'ஃபாரெ'ங்கறாங்க. ஹவாய்ல என்னன்னு தெரியுமா?

— ஹாலே.

— அய்யோ! எப்படிங்க?

— நாம போயிருந்தப்போ ஓட்டல்ல ஒவ்வொரு பில்டிங் மேலயும் எழுதியிருந்துச்சே. ஹாலுக்கு ஸ்பெல்லிங் தெரியாத பசங்கன்னு நான் மூணு நாளும் திட்டிட்டிருந்தேன்.

— ரிசப்ஷன்ல வேற போய்ச் சொன்னீங்க!

— அந்தப் பொண்ணும் தேங்க் யூ சார்னு சிரிச்சுச்சே... இதுக்குத்தானா?

— நெம்ப நல்ல பொண்ணு. கேளுங்க... எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தி தைவான் பக்கமிருந்து படகேறின ஜனங்களாம். அவங்க வம்சம் தீவு தீவாப் போகப்போக, பாஷையும் கூடவே போயிருக்குது. எங்கே போய்க் கூரை போட்டாலும் அதே சொல்லு. பா வாவாயிருச்சு, ஃபாவாயிருச்சு, ஹாவாயிருச்சு... வீடு மட்டும் வீடாவே இருக்குது. நெனைச்சாலே எனக்குப் புல்லரிக்குதுங்க!

— ஏசியைக் குறைக்கட்டுமா?

— போங்க! எனக்கு அந்த சமோவா வீடுதான் நெம்பப் பிடிச்சுப்போச்சு. படம் பாத்தேன். சுத்தியும் தூணு, மேல கூரை. சுவரே கிடையாது.

— சுவரில்லாம எப்படிக் குடும்பம் நடத்தறது? ஒரு ரகசியம் பேச முடியுமா?

— அதான்... பேச முடியாது.

— ம்.

— ம்... டிக்கில என்னங்க உருள்றது? ஒவ்வொரு திருப்பத்துலயும் லொட்டு லொட்டுங்குது.

— ஞாயித்துக்கிழமை நான் உருட்டி விளையாடற பௌலிங் பால்.

— ரெண்டு உருள்றாப்ல இருக்குதே.

— ஒண்ணே அந்தப் பக்கம் போயிட்டுத் திரும்பி வருது.

— ஜிபிஎஸ் போடலையா? எக்ஸிட் தப்பிப்போயிருமுங்க.

— போர்டு பாத்துப் போயிக்கலாம். நீ வீட்டைப் பத்திச் சொல்லு.

— நம்ம பேச்சுலயும் வீடுன்னா சுவரு இல்லீங்களே. நீங்க ஃபோன்ல, 'எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க'ங்கறீங்களே, அது யாரை?

— உன்னைத்தான். வேற யாரு ஒத்துக்காம இருக்கறது?

— பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுங்கறோமே. செங்கல்லும் சிமெண்டுமா எந்திரிச்சு வந்து பேச்சுவார்த்தை நடத்துது? ஆளுகதானே வீடு.

— சாந்தா... பிஸ்கட்டவேல நம்ம வீட்ல வண்டியை எடுத்ததுல இருந்து பாக்கறேன். சம்பந்தி, பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு... அங்கேயேதான் சுத்திட்டிருக்கறே. என்ன விஷயம்?

— ஒண்ணுமில்லீங்க... செல்வராஜ் ஞாபகம் வந்துச்சு.

— அவன் பேச்சு இப்ப எதுக்கு?

— கூடப் பொறந்த தம்பிதானே? கட்டினவ மானஸா தெலுங்குப் பொண்ணுன்னு உங்க அய்யன், 'என்ற வீட்டுப் படி ஏறாதே'ன்னாரு. இப்ப அய்யனே இல்லை. ஹூஸ்டன் என்ன சந்திர மண்டலத்துலயா இருக்குது? நீங்க ஒரு ஃபோன் போட்டதுண்டா?

— அதை எடுக்காதே, சாந்தா.

— பயமா இருக்குதுங்க. அதனாலதான் எடுக்கறேன்.

— என்ன பயம்?

— நாளைக்கு நம்ம வீட்லயும் ஒரு ஆளு... அப்படிப் படி எறங்கிப் போயிட்டா...

— யாரு?

— வண்டியை ஓரமா நிறுத்துங்களேன்.

— பார்க்வேல எங்கே நிறுத்தறது? சொல்லு.

— வெண்பா.

— நம்ம பொண்ணா?

— ஆமாங்க. இத்தோட நிறுத்திராதீங்க. ஸ்டியரிங்கைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, ஆனா பேசுங்க.

— பேசறேன். நீ முடி.

— லூர்து பையன், மிகேல். சிவில் எஞ்சினியர். காலேஜ்ல இருந்தே பழக்கமாம். போன கிறிஸ்துமஸ் லீவுல எங்கிட்டச் சொன்னா. 'அப்பாகிட்டச் சொல்லாதேம்மா, சித்தப்பாவை விட்டமாதிரி என்னையும் விட்ருவாரு'ன்னு அழுதாளுங்க. என்னால அவளை அப்படிப் பாக்க முடியலை. மறைச்சுட்டேன். இன்னைக்குப் பாட்லக்குமில்லை, ஒண்ணுமில்லை. ஜிம்முக்குப் போறேன்னு போனாளே, அவளும் அங்கேதான் இருக்கா. ரெண்டு வீட்டாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது, நடுவுல மெதுவா உங்களுக்கு எடுத்துச் சொல்றது... இதுதான் நானும் லூர்துவும் போட்ட பிளான். ஆனா இந்தப் பலாயி என்ற வாயில நிக்கலீங்க.

— மேல சொல்லு.

— அவங்களும் நம்மள மாதிரித்தானுங்க. செருப்பை வாசல்ல விடறாங்க. சோறு இல்லாம வயிறு நெறையாது அவங்களுக்கு. பெரியவங்க கையை எடுத்து நெத்தியில வெச்சு ஆசீர்வாதம் வாங்கறாங்க. இங்கிலீஷ்காரன் கண்டுக்காத ஒரு உறவுக்குப் பேரு வெச்சிருக்காங்கன்னா, அந்த உறவை அவங்க மதிக்கறாங்கன்னுதானே அர்த்தம்? நேத்து அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தலைகால் புரியலை. கட்டிக் குடுக்கற எடம் தூரமில்லைன்னு ஒரு தைரியம் வந்துருச்சு. சாப்பாடு கூடப் பாருங்க, சினிகாங்னு ஒண்ணு வெப்பாங்க...

— புளி கொஞ்சம் தூக்கலா இருக்கும். நம்ம ரசத்துக்கு அண்ணன்.

— ஆமாங்க, அதேதான்... இருங்க. நீங்க எப்பச் சாப்பிட்டீங்க?

— வண்டி திரும்புது, சாதத்தைப் புடிச்சுக்க.

— ஏனுங்க, இப்ப லெஃப்ட்ல திரும்பினீங்க. நான் திரும்பச் சொல்லவேயில்லையே.

— இந்த ரோட்டுல வர்றவங்க எல்லாரும் லெஃப்ட்லதான் திரும்புவாங்க.

— இதுதான் தெருன்னும் நான் சொல்லலை. இதுதான் வீடுன்னும் சொல்லலை... டிரைவ்வேல ஏத்தறீங்க. கராஜை விட்டு ஒதுக்கி நிறுத்தறீங்க...

— நடுவுல போட்டா ரொஹேலியோ வேனை எடுக்க முடியாது.

— ரொஹேலியோவா? லூர்து வீட்டுக்காரர் பேரை நான் இன்னும் உங்ககிட்டச் சொல்லவேயில்லையே!

— சொல்லலையா? நேரமாகும்னு விட்டிருப்பே.

— கிட்டுசாமி!

— அடடா, மிஸ்டர் இல்லாமப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டே. அப்பக் கோவம் நெசந்தான்.

— எப்ப இருந்துங்க இது?

— மார்ச்ல. ஆபீஸ் விட்டு வந்தா, பார்க்கிங் லாட்ல என்ற வண்டிகிட்ட ஒரு பையன் மழையில நனைஞ்சுட்டு நிக்கறான். 'அங்கிள், வெண்பா பயப்படறா, நான் பயப்படலை'ன்னான். பல்லு கடகடங்குது, பயப்படலையாம். வண்டில ஏறுன்னேன். அவனைக் கொண்டாந்து விடத்தான் மொதமொதல்ல இங்கே வந்தேன். வந்தவனை அவங்கப்பன் சாப்பிடாம விடலை.

— அப்போ ஞாயித்துக்கிழமை பௌலிங்?

— ரொஹேலியோவோடதான். பால் எந்தப் பக்கம் போனாலும் 'பலாயி, பலாயி'ன்னு கத்துவான். ஊரே திரும்பிப் பாக்கும்.

— அப்ப வார்த்தையும் தெரியும்! தெரிஞ்சுட்டே பலாச்சுளையான்னு கேட்டீங்களா? நான் கத்துக்குட்டி வாத்தியாராட்டம் தீவு தீவாப் பாடம் நடத்திட்டு வர்றேன்!

— நீ அத்தனை சந்தோசமாச் சொல்லிட்டிருந்தே. அதை வெட்ட மனசு வரலை, சாந்தா. அதுவுமில்லாம... அந்த வாலே ஃபாலே எல்லாம் எனக்கு நெசமாவே தெரியாது.

— லூர்துவும் எங்கிட்ட மூச்சு விடலையே!

— நான்தான் விடாதேன்னேன். சமோவா வீடா இது? சுவரு இருக்குதல்ல.

— ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க?

— வெண்பாவே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். அவ உங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான்னு தெரிஞ்சப்போ... சுருக்குனுச்சு. சித்தப்பாவை விட்டவன்னுதானே என்ற புள்ளைக்கு என்னைத் தெரியுது.

— அய்யோ, அப்படியில்லீங்க...

— அப்படித்தான். அதை உடு. எறங்கி டிக்கியைத் தொற.

— எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது... இத்தனை மாசம் சோறு எறங்காமக் கெடந்தேன், பாவி மனுஷா... ஏனுங்க, இது தேங்காய்!

— ரெண்டு. அப்பவே கரெக்டாத்தான் சொன்னே. வெத்தலை, பாக்கு, பூ எல்லாம் அந்தப் பையில. ஓக் ட்ரீ ரோட்ல காலைல இந்தியக் கடை தொறந்ததும் வாங்கிட்டேன். தட்டு சீட்டுக்கடியில இருக்குது.

— தட்டு மாத்தறதா! இன்னைக்கேவா! நான் சாதாரண காட்டன் சேலையில வந்திருக்கறேன்... அதை விடுங்க, நாம ரெண்டே பேருங்க! லூர்து பக்கம் அண்ணன் தம்பின்னு ஹால் நெறைய உக்காந்திருப்பாங்க. நம்ம பக்கம் பொண்ணு வீடுன்னு சொல்லிக்க ஒரு ஆளு வேண்டாமா? தட்டை எடுத்துக் குடுக்க ஒரு சித்தப்பன்...

— கண்ணைத் தொடைச்சுட்டு வாசலைப் பாரு.

— கதவு தொறக்குது... லூர்து இல்லை. யாருங்க அது, வேட்டி கட்டிட்டு? பின்னால வர்றது... மானஸாவா? ஏனுங்க! ஏனுங்க, அது...

— பொண்ணு வீடுதான், சாந்தா. வான்னு ஒரு ஃபோன்தான் போட்டேன்... ஹூஸ்டன்ல இருந்து நேத்தே வந்து எறங்கிருச்சு.