‘இதர பணிகள்’ என்ற வரியில் ஒரு பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் ஐயா அவர்களே, அலுவலகக் கண்காணிப்பாளர் அவர்களே, பேராசிரியர்களே, மாணவ மாணவியரே, முன்வரிசையில் நாற்காலி போட்டும் உட்கார மனம் வராமல் தூணோரம் நிற்கிற அவளுடைய கணவரே, கடைசியாக, உள்ளே வரலாமா என்று இன்னும் தயங்கி வாசலில் நிற்கிற என் நூலகத்தின் தற்காலிகப் பணியாளர்கள் இருவரே, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் கல்லூரி நூலகரின் வணக்கம். நீங்கள் இருவரும் தயவுசெய்து உள்ளே வாருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்களைப் பற்றியும்தான்.

‘அவர்’ என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாங்கள் ஒரே வருடம், ஒரே பெஞ்சில் நூலக அறிவியல் பட்டம் படித்தவர்கள். அவள் என்றுதான் வாயில் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இருக்கும் படத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் தோளுக்கு மேல் நீலமாக ஒரு வளைவு தெரிகிறதல்லவா? அது முத்திரை. தேர்வு நுழைவுச் சீட்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். வீடு முழுக்கத் தேடியும் அவள் கணவருக்கு வேறு படம் கிடைக்கவில்லையாம். பதினாறு வருடங்களில் அவள் படம் எடுத்துக்கொண்டதெல்லாம் விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக மட்டும்தான்.

நம்மில் பலருக்கு அவளுடைய பெயரே தெரியாது. ‘ரெண்டு நிமிஷம் அக்கா’ என்றால் தெரியும். எதைக் கேட்டாலும், “ரெண்டு நிமிஷம் இருங்க” என்பாள். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் புத்தகம் மேசைக்கு வரும். இயற்பியல் பேராசிரியர் ஒருமுறை வந்து, தலைப்பு மறந்துவிட்டது, எழுதியவர் மறந்துவிட்டது, நீல அட்டை மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். அவள் மாடிக்குப் போய்ச் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றோடு இறங்கி வந்தாள்.

“நான் கேட்டது நீலம்மா.”

“இதுதான் சார் அது. பைண்டிங் போட்டு நாலு வருஷமாச்சு. அது நிறம் மாறிடுச்சு, நீங்கதான் எட்டிப் பாக்கல.”

பேராசிரியர் சிரித்தார். இதோ, இப்போதும் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்த மழை வருடத்தில் மாடித் தளம் ஒழுகி நானூறு புத்தகங்கள் நனைந்தபோது இங்கே யார் இருந்தார்கள்? பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகி, மின்விசிறிக்கு அடியில் விரித்து, இரண்டு வாரம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டது யார்? அவள்! நூலகம் கணினிக்கு மாறியபோது முப்பத்திரண்டாயிரம் புத்தகங்களுக்கு வகைப்பாட்டு எண் சரிபார்த்தது யார்? அவள்! ஆய்வுக்குழு வந்து பாராட்டிய அந்த அறிக்கையில் யாருடைய பெயர் இருந்தது? என் பெயர் இருந்தது.

சற்று முன் முதல்வர் ஐயா அவளை ‘நம் நூலகத்தின் தூண்’ என்றார். அழகான பேச்சு. எனக்கு மேலே கட்டியிருக்கும் துணியில் ‘நூலகப் பணிக்குத் தன்னை அர்ப்பணித்தவர்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. நூலகப் பணி! அந்த இரண்டு வார்த்தைகளையும் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இந்தக் கல்லூரி எழுதுவது இதுதான் முதல் தடவை. அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் அவள் கடைசிவரை நடந்தாள். அந்தக் கதையைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அவளைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். அது பதினாறு வருடமாயிற்று. அந்தப் பதினாறு வருடமும் அவள் நூலகர் வேலைக்குத் தயாரித்துக்கொண்டே இருந்தாள். பட்டம் போதும் என்றிருந்தது, முதுநிலை வேண்டும் என்றார்கள். தபாலில் படித்து முடித்தாள். தகுதித் தேர்வும் வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறையில் தேறினாள். பணியிட அறிவிப்பு ஒன்று வந்தது, ரத்தானது. இன்னொன்று வந்தது, பாடத்திட்டமே மாறியிருந்தது. “ஏணி ஏற ஏற மேல ரெண்டு படி சேத்து அடிக்கிறாங்கடீ” என்பாள்.

கணினி வந்தபிறகு சும்மா கிடந்த பழைய நூற்பட்டியல் அட்டைப் பேழையைப் பைண்டிங் அறைக்கு இழுத்துப் போட்டாள். பயன்படாத அட்டைகளின் பின்பக்கத்தில், ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி எழுதினாள். வகைப்பாடு ஒரு இழுப்பறை. தகவல் ஆதாரங்கள் ஒன்று. நூலக நிர்வாகம் ஒன்று. கணினி இரண்டு. நேற்று எண்ணிப் பார்த்தோம். நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள். ஒன்றுகூட இடம் மாறி இருக்கவில்லை.

எட்டு வருடம் முன்பு நான் இங்கே நூலகராக வந்தேன். மதிப்பெண்ணில் எப்போதும் அவளுக்குப் பின்னால் இருந்தவள், பதவியில் முன்னால் வந்து உட்கார்ந்தேன். வழங்கும் மேசையில் அவள் என்னை ‘மேடம்’ என்பாள். பைண்டிங் அறைக் கதவைச் சாத்தியதும் ‘டீ’. மதிய இடைவேளையில் நான் தேர்வுக்குழுத் தலைவராக முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன்.

“உங்களுடைய பலவீனம் என்ன?”

“படிக்கிறது சார். நிறுத்தத் தெரியல.”

“ஒழுங்கா பதில் சொல்லும்மா, வேலை கிடைக்காது.”

“ஒழுங்கா பதில் சொன்னவங்களுக்கெல்லாம் கிடைச்சுடுச்சா சார்?”

சிரித்துச் சிரித்துப் புரையேறும் எங்களுக்கு.

நூலகத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு புத்தகத்தை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று புரியாதபோது ‘இதர’ என்று ஒரு மூலை இருக்கும். அங்கே தள்ளிவிடலாம். அவளுக்கு அந்த மூலையைக் கண்டாலே ஆகாது. பயிற்சிக்கு வரும் மாணவிகளிடம், “எங்க வைக்கிறதுன்னு தெரியலைன்னா அதைத் திறந்து படிங்க. இதரன்னு போட்டுத் தப்பிக்காதீங்க. இதரயில போட்ட புத்தகம் தொலைஞ்ச புத்தகம். இருக்கும், ஆனா யாருக்கும் கிடைக்காது” என்பாள்.

நான் பொறுப்பேற்ற முதல் மாதம் வருகைப் பதிவேட்டில் பணியாளர் பட்டியல் எழுதினேன். தற்காலிகப் பணியாளர் மூவருக்கும் நேராக, பணியின் தன்மை என்ற பத்தியில், ‘நூலகப் பணி’ என்று எழுதி அனுப்பினேன். கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஐயா, நீங்கள் மேடையில் இருக்கிறீர்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

“மேடம், நூலகப் பணின்னு எழுதினா நாளைக்கு அதைக் காட்டி நிரந்தரம் கேப்பாங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் எழுதின மாதிரியே எழுதுங்க. எதுக்கு வம்பு?”

எனக்கு முன்னாடி இருந்தவர் என்ன எழுதியிருந்தார்? ‘இதர பணிகள்.’

நானும் எழுதினேன். முப்பத்திரண்டாயிரம் புத்தகங்களுக்குச் சரியான இடம் கண்டுபிடித்தவளை, படித்த நூலகரான நான், இதரயில் போட்டேன். ஒரு மாதமா? எட்டு வருடம். மாதம் ஒரு தடவை. தொண்ணூற்றாறு தடவை. என் கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் அழகாக இருக்கிறது.

சென்ற ஆண்டு கடைசியில் அரசு அறிவிப்பு வந்தது. வயது வரம்பு நாற்பது. அவளுக்கு நாற்பத்தைந்து. ஆனால் நூலகப் பணியில் ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு வயதில் தளர்வு உண்டு. ஐந்தென்ன, அவளிடம் பதினாறு இருந்தது! எழுதினாள். எழுத்துத் தேர்வுப் பட்டியலில் இரண்டாம் இடம். அந்தத் தாளை அட்டைப் பேழை மேல் ஒட்டிவைத்தாள். அடுத்தது சான்றிதழ் சரிபார்ப்பு. அலுவலகம் தந்த அனுபவச் சான்றிதழில், பதிவேட்டைப் பார்த்து, ‘இதர பணிகள்’ என்று அடித்திருந்தார்கள்.

பைண்டிங் அறையில் அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள். “ஒரு வார்த்தைதான்டீ. மாத்தி வாங்கிக் குடு. நான் உங்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல.”

நான் அலுவலகத்துக்குப் போனேன். “பதிவேட்டுல இருக்கிறதைத்தானே தர முடியும்? எழுதினது நீங்கதானே மேடம்?” என்றார்கள். முதல்வர் ஐயாவின் அறை வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். அவளிடம் ஒரே ஒரு சொல் சொன்னேன். “பாக்கலாம்.”

பாக்கலாம்! எவ்வளவு பாதுகாப்பான சொல்! சொன்னவரை எதிலும் மாட்டவைக்காது, கேட்டவரை எதிலும் கரையேற்றாது.

அந்தத் தாளோடுதான் அவள் சரிபார்ப்புக்குப் போனாள். கூடப் போன கணவர்தான் எனக்குச் சொன்னார். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

“இதர பணின்னா என்னம்மா? பெருக்கினீங்களா?”

“பெருக்கவும் செஞ்சேன் சார்.”

நூலகப் பணி என்று இல்லாததால் வயதுத் தளர்வு கிடையாது என்றுவிட்டாராம் அவர். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாளாம்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். மதியம் பைண்டிங் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்து, “சொல்லுங்க மேடம்” என்றாள்.

கதவு சாத்தியிருந்தது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லுங்க மேடம்.

அதற்கப்புறம் பதினொரு நாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, காரணம் ரத்த அழுத்தம் என்றார்கள் மருத்துவர்கள். நான் அவர்களை நம்புகிறேன். ஒரு தாள் ஆளைக் கொன்றது என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. நூலகர்களான நாங்கள் தேதிவாரியாக அடுக்கப் பழகியவர்கள். அடுக்கி வைக்கிறேன். அவ்வளவுதான். அந்தப் பதினொரு நாளும் அவள் என்னை ‘டீ’ என்று கூப்பிடவில்லை.

அவையோரே! உயிரோடு இருந்தபோது எழுத முடியாத வார்த்தையை இன்று இந்தத் துணியில் எப்படி எழுத முடிந்தது? அச்சடிக்கச் சொன்னது அதே அலுவலகம். சரிபார்த்ததும் அதே கண்காணிப்பாளர். நேற்று முழுக்க யோசித்தேன். விடை எளிது. இறந்தவர்கள் நிரந்தரம் கேட்கமாட்டார்கள்.

கோபத்தை எல்லாம் உங்கள் மேல் இறக்கிவைத்துவிட்டு நான் நல்லவளாக இறங்கிப்போக முடியாது. சொன்னது அலுவலகம். எழுதிய கை இது.

பருவ இதழ்ப் பிரிவிலும் வழங்கும் மேசையிலும் இருக்கிற இவர்கள் இரண்டு பேரும் எழுத்துத் தேர்வில் தேறியிருக்கிறார்கள். இரண்டாம் பட்டியல். அவள் எழுதிய அட்டைகளை வைத்துத்தான் படித்தார்கள். இருவருக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது. இருவருக்கும் பணி அனுபவம் இருக்கிறது, ஒருவருக்கு ஒன்பது வருடம், இன்னொருவருக்குப் பத்து. சரிபார்ப்பு வருகிற வெள்ளிக்கிழமை. அவர்கள் சான்றிதழில் என்ன அடித்திருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா?

பதிவேட்டில் பிழை இருந்தால் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. பழையது படிக்கும்படி சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். படிக்கும்போது முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்தது. இதோ வருகைப் பதிவேடு. நேற்று அவளுடைய இழுப்பறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு வருடத்துப் பக்கங்களிலும் மூன்று பெயர்களுக்கு நேராகக் கோடு போட்டிருக்கிறேன். ‘நூலகப் பணி’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் என் ஒப்பம் இருக்கிறது. இதற்காக எனக்கு மெமோ வரும் என்று தெரியும். வரட்டும். அதில் என் பெயருக்கு நேராக என்ன எழுதுகிறார்களோ, அதையாவது சரியாக எழுதட்டும்.

பதிவேட்டில் இருப்பதைத்தானே தர முடியும் என்றீர்கள், கண்காணிப்பாளர் ஐயா. இப்போது பதிவேட்டில் இருக்கிறது.

இவை மூன்று சான்றிதழ்கள். ஒன்று அவளுக்கு. அது எந்த மேசைக்கும் போகாது. அவள் கணவர் கேட்டார், வீட்டில் வைத்துக்கொள்வதற்கு. மற்ற இரண்டும் வெள்ளிக்கிழமைக்கு. நூலகராக நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல்வரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

அவள் விட்ட வேலையை நான் தொடர்வேன். அட்டைப் பேழை பைண்டிங் அறையிலேயே இருக்கும். கதவு திறந்தே இருக்கும். இந்தத் துறைக்குத் தயாரிக்கிற யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். என் காலத்தில், என் பதிவேட்டில், ‘இதர’ என்ற பத்தியில் இனி ஒரு மனிதரின் பெயரும் வராது. ஆனால், முதல்வர் ஐயா, இது என் கையில் இருப்பது. மற்றது உங்கள் கையில்.

அடுத்து எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காக்கவேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. அவளுக்கு ஒரு நிமிடம் போதாது. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே பதினாறு வருடம் நின்றவள் அவள். நாமும் அவள் விஷயத்தில் போதுமான அளவு மௌனம் காத்துவிட்டோம். தாள்களை உங்கள் முன்னால் வைக்கிறேன். பேனா இதோ. நாங்கள் எழுந்து நிற்கிறோம். பேனா தாளில் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறெதுவும் இந்த மண்டபத்தில் கேட்கவேண்டாம்.

அவசரமில்லை, ஐயா. நாங்கள் காத்திருக்கிறோம்.

ரெண்டு நிமிஷம்.