உரியவர் காரில் இருந்தார்

டீ நன்றாக இருக்கிறது மேடம். பால் கொஞ்சம் தூக்கல், ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் அவசரப்படாமல் சொல்கிறேன். என் பெயர் கிரேம் டில்புரூக். வயது ஐம்பத்தெட்டு. இந்த அடிலெய்டில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் ஸ்டேஷனிலேயே என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். வாசலில் அந்த வெள்ளை வண்டியைக் கோணலாக நிறுத்தியிருப்பவர் என்னிடம் படித்தவர் இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அந்த மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை என்னுடையது அல்ல. நான் அதை ஒருநாளும் மறைத்ததில்லை. என் மாமனார் கிளாரி ஹாட்ஜ்கிஸ்ஸுக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துபோயின. அப்போது டாக்டர் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை. முதல் வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பிறகு நரேலுக்கு, அதாவது என் மனைவிக்கு, அவரைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். அட்டை என் காரிலேயே தங்கிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் அட்டையைப் போட்டுக்கொண்டு சக்கர நாற்காலி படம் போட்ட இடத்தில் கார் நிறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துப்போன அத்தையின் அட்டையை வைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போகிற ஆளை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கார்களின் வைப்பருக்கு அடியில் நான் சீட்டு எழுதி வைப்பேன். மரியாதையாகத்தான் எழுதுவேன். ஒருமுறை முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண் அந்த இடத்தில் இறங்கி ஜம்மென்று நடந்து போனாள். நிறுத்திக் கேட்டேன். நுரையீரலில் ஏதோ பிரச்சினையாம், நூறடி நடந்தால் மூச்சு நின்றுவிடுமாம். அட்டையில் அவள் படமே இருந்தது. "உங்க கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் சார் வியாதியா?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். இருந்தாலும் நகர கவுன்சிலுக்கு அவள் வண்டி நம்பரைச் சொல்லிவிட்டேன். உண்மை என்றால் அவர்களே விசாரித்து விட்டுவிடப் போகிறார்கள்.

அட்டை காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்த அடிப்படையே தெரியாது. அந்த ஆள் வண்டியில் வந்திருக்க வேண்டும். அவர் இறங்கிக் கடைக்குள் வந்தாக வேண்டும் என்று நான் படித்த எந்த வரியிலும் இல்லை. மூன்று தடவை படித்தேன்.

ஆரம்பம் தற்செயலாக நடந்தது. ஒரு சனிக்கிழமை மாமாவை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வரும்போது, அவருக்கு அழுத்தக் காலுறை வாங்க வேண்டும் என்று நரேல் போன் செய்தாள். மருந்துக் கடை வாசலிலேயே அட்டைக்காரர்களுக்கான நீல இடம். நிறுத்தினேன், உள்ளே போனேன், நான்கு நிமிடத்தில் திரும்பி வந்தேன். வழக்கமாக அந்த கார் பார்க்கிங்கில் இருபது நிமிடம் சுற்றுவேன். எப்படிப்பட்ட இடுக்கிலும் வண்டியை நுழைக்க எனக்குத் தெரியும். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு, விடுமுறை நாளிலும் அதையே செய்ய வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு மாமாவை அடிக்கடி வெளியே அழைத்துப் போக ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடைக்கு, வங்கிக்கு, முடி வெட்டிக்கொள்ள, பல் டாக்டரிடம். என் பல்தான். இல்லத்தில் ஒரு பதிவேடு உண்டு. யாரை அழைத்துப் போகிறோம், எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுத வேண்டும். 'குடும்பத்தினருடன் வெளியே' என்று எழுதுவேன். பொய்யில்லை. அங்கே வேலை பார்க்கும் செரியானா என்ற பிஜி நாட்டுப் பெண்மணி என்னைக் கண்டாலே உருகிவிடுவாள். "பெத்த புள்ளைங்களே வருசத்துக்கு ஒரு தடவதான் எட்டிப் பாக்குது. நீங்க வாரத்துக்கு மூணு தடவ வர்றீங்களே" என்பாள். அவர்களுடைய மாதப் பத்திரிகையில் என் படத்தைப் போட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

மாமாவுக்கும் ஆரம்பத்தில் சந்தோஷம்தான். நல்ல சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. கடலுக்குள் நீளும் அந்தப் பழைய மரப் பாலத்தில், ஜெட்டியில், போய் உட்கார வேண்டும். நாற்பது வருடம் அங்கே நண்டு பிடித்தவர். வண்டியில் ஏறியதும் கேட்பார், "இன்னிக்கு ஜெட்டியா மாப்ள?"

"வர்றப்போ பாத்துக்கலாம் மாமா."

வரும்போது பாருங்கள், ஏதாவது ஒன்று வந்துவிடும். ஐஸ்கிரீம் உருகும், இல்லத்தில் சாப்பாட்டு நேரம் முடியும், காற்று அதிகமாக அடிக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

குளிர்காலத்தில் வர மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் ஷூவைத் துணிக்கூடையில் ஒளித்துவைத்துவிட்டார், எண்பத்துமூன்று வயது மனிதர். செரியானா தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "இன்னிக்கு மனசு சரியில்லன்றாரு சார்" என்றாள். நான் அறைக்குள் போய் அவர் காதருகே குனிந்து, "ஜெட்டிக்கு மாமா" என்றேன். ஷூ எங்கே இருக்கிறது என்று அவரே கையைக் காட்டினார். ஜெட்டி அந்தத் திசையில்தான் மேடம் இருக்கிறது. வங்கியும் அதே சாலையில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பூட்டு விஷயம் வந்தது. நான் வங்கியில் இருந்தபோது மாமா தானே கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் வந்து பார்த்தால் கவுன்சில் ஆள் என் காரைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். உரியவர் எங்கே என்று கேட்கிறான். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு அபராதம் கட்டியதில்லை. அந்த பெஞ்சைக் காட்டி, விளக்கி, கெஞ்சி, நடுத்தெருவில் மானம் போய்விட்டது. திரும்பும் வழியில் மாமாவிடம் கோபப்படவே இல்லை. நீங்கள் இறங்கிவிட்டால் வண்டியில் உரியவர் இல்லை என்று ஆகிவிடும், அது சட்டப்படி தப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நான் என்ன மாப்ள, அந்த அட்டைக்கு உறையா?" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகும் அவருக்கு நக்கல் குறையவில்லை. நான்கூடச் சிரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். குழந்தைகள் இருந்தால் போடுவோமே, உள்ளே இருந்து கதவு திறக்காத பூட்டு, அதைப் போட்டேன். கண்ணாடிப் பொத்தானை என் பக்கத்தில் லாக் செய்தேன். குழந்தைகளுக்குச் செய்தால் பாதுகாப்பு என்கிறோம்.

இனி நீங்கள் கேட்க விரும்புகிற நாளுக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நடுக்கோடை, நாற்பத்தோரு டிகிரி. மறுநாள் சாப்பாட்டுக்கு இறாலும் ஹாமும் ஆர்டர் கொடுத்திருந்தோம், போய் வாங்கி வர வேண்டும். அன்றைக்கு ஊரே மீன் கடையில்தான் நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும். நான் சாவியை எடுக்கும்போதே நரேல் சொன்னாள், "அப்பாவ இன்னிக்கு விட்ரு கிரேம். அனல் அடிக்குது." யோசித்தேன். யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாமா இல்லாமல் போனால் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்கும். அந்த வெயிலில் இரண்டு கிலோ இறாலை அவ்வளவு தூரம் தூக்கி வந்தால் என்ன ஆகும்? அப்பாவை ஒரு ரவுண்டு கூட்டிப்போய்விட்டு இன்றைக்கே வீட்டுக்கு அழைத்து வருகிறேன், கிறிஸ்துமஸுக்கு நம்மோடு இருக்கட்டும் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள்.

இல்லத்தில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனால், மீன் கடை வாசலில் ஒரே ஒரு நீல இடம்தான் மிச்சமிருந்தது. எனக்குப் பின்னால் ஒரு வேன், அதன் முதுகில் சக்கர நாற்காலி கட்டியிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஹார்ன் அடித்தாள். நான் பின்சீட்டைக் காட்டினேன். மாமாவைப் பார்த்ததும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். விதியை மதிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று மனதுக்கு இதமாக இருந்தது.

கண்ணாடியை நான்கு விரல் அளவு இறக்கி வைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிவிடும் என்று ஏசியை அணைத்தேன், ரேடியோவையும் அணைத்தேன். கடைசி வரிசையில் மரங்கள் இருக்கின்றன, நல்ல நிழல். நீல இடங்கள் எல்லாம் வாசல் பக்கம், மொட்டை வெயிலில். அதைத் திட்டமிட்டவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். பத்தே நிமிடம் மாமா என்றேன்.

கடையில் எனக்குக் கிடைத்த வரிசைச் சீட்டு எண்பத்தாறு. போர்டில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.

இறால் வாங்கி, பக்கத்துக் கடையில் ஹாமையும் வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கடைத் தள்ளுவண்டிகளைச் சேகரிக்கிற ஆள் ஒருவன் என் கார் கண்ணாடியை உடைத்து மாமாவை வெளியே இழுத்துத் தரையில் கிடத்தியிருந்தான். ஐஸ் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, இறால் பையைத் தூர எறிந்துவிட்டு, ஐஸை அள்ளி அவர் கழுத்திலும் அக்குளிலும் வைத்தான். நான் தடுக்கவில்லை. "நீயெல்லாம் மனுசனாய்யா?" என்று கேட்டான். பதற்றத்தில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கூடாது.

மாமா மறுநாள் மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நரேல் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது மேடம். அவரை நான் உண்மையாகவே நேசித்தேன். கடைசி இரண்டு வருடத்தில் அவரோடு என்னளவு நேரம் செலவழித்தவர் யாருமில்லை, பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

இடையில் ஒரு தடவையாவது வெளியே வந்து பார்த்தீர்களா என்று காலையில் கேட்டீர்கள். அப்போது நினைவில்லை என்றேன். இப்போது நினைவிருக்கிறது. வந்தேன். போர்டில் எழுபத்திரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கவுன்சில் ஆள் யாராவது சுற்றுகிறானா என்று பார்க்கத்தான் கடை வாசல் வரை வந்தேன். காருக்கும் எனக்கும் பத்தடிகூட இருக்காது. மாமாவின் முகம் சிவந்து, வாய் திறந்திருந்தது. வலது உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டுவது வேகமானது. ஏன் தட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். என் சீட்டுக்கு இன்னும் பதினான்கு எண்தான் பாக்கி.

நான் அவரைப் பார்த்துக் கையசைத்தேன். டாஷ்போர்டில் அட்டை வெளியே தெரிகிறதா என்று பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. உள்ளே போய் வரிசையில் நின்றுகொண்டேன்.