பௌர்ணமியில் நட்சத்திரம்

அம்பத்தூரில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பின் சீட்டில் காக்கி உடுப்போடு ஃபேக்டரி ஆட்கள் இரண்டு பேர். சின்னவர் சொன்னது காதில் விழுந்தது.

"நட்சத்திரம் பாக்க மூணு நாள் லீவு வாங்கிட்டேன் அண்ணாத்தே."

"இன்னாது? மொட்டை மாடியில பாய் போட்டா தெரியாதா நைனா?"

"தெக்கால, ரொம்பக் கீழே, சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் நிக்குமாம். இங்க புகையில தெரியல. கன்னியாகுமரியில கடல் மேல தெளிவா தெரியுமாம். ஊட்லயும் கூட்டிகினு போறேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அது எங்கயும் போனதில்ல."

"எந்த ராத்திரி அங்க கீறே?"

"சித்ரா பௌர்ணமி. அந்த ஒரு ராத்திரிதான்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"பட்டப்பகல் மாதிரி நிலா காயும். அதுல நட்சத்திரத்தை எங்கேர்ந்து பாப்பே? அமாவாசைக்கு இல்ல போவணும்? இந்த லட்சணத்துல நம்ம ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பூரா வானத்தைப் பத்திப் பாடம் எடுக்கறே."

சின்னவர் குரலைத் தாழ்த்தி, "லீவை இனிமே மாத்த முடியாது. ஊட்ல சொல்லிடாதே அண்ணாத்தே. அது ஆசையா கீது" என்றார்.

"ஒன் சம்சாரம் மாசம் தவறாம பௌர்ணமி விரதம் இருக்குது. நீ நாள் சொன்னப்பவே நட்சத்திரம் தெரியாதுன்னு அதுக்குப் புரிஞ்சிருக்கும். வாயத் தொறந்துச்சா?"

"இல்லியே. பெட்டி கூட அடுக்கிடுச்சு."

"சொன்னா நீ பயணத்தையே நிறுத்திடுவேன்னு அதுக்குத் தெரியும். அதுக்கு ஊரைத் தாண்டினா போதும்டா. ஒன் நாலு நட்சத்திரம் எதுக்கு?"