கிளினிக் விரதமும் ஈரலின் சாட்சியும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், கண்டிப்பும் கனிவும் கலந்த எங்கள் கிளினிக் டாக்டர் ஹபீலா அவர்களே! மாடிப்படி ஏறிவந்து முன்கதிரைகளில் மூச்சு வாங்கும் பெரியோர்களே! பேராதனையிலிருந்து வந்த மாணவச் செல்வங்களே! அலவத்துகொடையிலிருந்தும் திகனையிலிருந்தும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் என் கணவர் வீரசிங்கம் அவர்களே! அனைவருக்கும் தர்ஷனாவின் வணக்கமும் ஸலாமும்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எச்.ஐ.வி என்று எழுதிய பதாகைக்குக் கீழே நின்று ஒருத்தி சிரிக்கலாமா? ஏன் கூடாது? என் கணவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது, எனக்கு இல்லை. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். சோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கிக் கிடக்கிறது, அதனால் என்னிடம் வர வழியில்லை. இதை ஊரறியச் சொல்லச் சொன்னவரே அவர்தான். தூணுக்குப் பின்னால் போனது வேறு காரணத்துக்கு, அதற்கும் வருகிறேன்.

எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத விரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிளினிக் விரதம்! வருஷம் முழுக்க ஹாட்வெயார் கடைக் கதிரையில் உட்கார்ந்து பொரித்த ரோல்ஸும் கொத்துரொட்டியும் சீனி குவித்த தேத்தண்ணியுமாக வாழும் மனிதர், இரத்தம் எடுக்கும் நாள் நெருங்கினால் இலைக்கஞ்சி குடிப்பார், பாகற்காய்க்குப் பக்தராவார். ரிப்போட்டில் இரத்தச் சீனி அழகாக வரும். அன்று மாலையே கட்டுகஸ்தோட்டையில் கொத்து! அங்கே கைதட்டுவது யார்? ஓஹோ, அண்ணனும் விரதக்காரர்தானா?

போன வருஷம் விரதம் பலிக்கவில்லை. சீனி நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றது, ஆனால் ஈரல் நோகிறது என்று இரத்தத்தில் காட்டும் ஈரல் நொதியம் எகிறிவிட்டது. சொட்டுச் சாராயம் தொடாதவருக்கு ஈரல் ஏன் கெட்டது? வீரசிங்கம் தானே தீர்ப்பு எழுதினார், குற்றவாளி மாத்திரைதான் என்று. "வைரஸ்தான் அடங்கிருச்சே தர்ஷனா, இனி இந்த மருந்து வேணாம்" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தை விட்டால் வைரஸ் மறுபடி தலையெடுக்கும். எனக்கு இந்த மனிதர் வேண்டும், இன்னும் நெடுங்காலம் வேண்டும். கையோடு இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஒரே எண்ணை வைத்து ஜாதகம் கணிக்கவில்லை. ஈரலைத் தாக்கும் கிருமி உண்டா என்று பார்த்தார், மருந்தையும் சந்தேகித்துப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். கூடவே மூன்று மாதச் சீனியைக் காட்டும் சோதனையும் செய்தார். அதை ஒரு வார விரதம் ஏமாற்றுமா? மாட்டிக்கொண்டார் மனுஷன்! ஈரலில் கொழுப்பு, கொலஸ்ட்ரோலும் பிரஷரும் அளவுக்குக் கூட, சீனி எல்லைக்கோட்டில்.

"ஈரல் மருந்தக் காட்டிக்கொடுக்கல்ல, உங்கட சாப்பாட்டத்தான் காட்டிக்கொடுக்குது" என்றார் டாக்டர். "எச்.ஐ.வி உள்ளவங்களுக்கு மாரடைப்பு வார வாய்ப்பு மத்தவங்கள விடக் கூட. அதுக்கு முன்னாடியே ஈரல் சொல்லிட்டுது. மருந்த விட்டுறாதீங்க. விரதத்த விடுங்க."

அவையோரே! இதயம் முன்கூட்டிச் சொல்லுமா? பல நேரம் சொல்லாது, ஒரே அடியாக அடித்துவிடும். கொலஸ்ட்ரோல் கூவுமா? கூவாது. காசு கொடுக்காமல் கிடைத்த காவல்காரனாக அந்த ஈரல் கத்தியது. கத்திய காவல்காரனையா கோபிப்பது? கதவை நெம்பும் கள்ளனைத் தேட வேண்டாமா?

தேடினோம். வைரஸ் மருந்து தொடர்ந்தது, கொலஸ்ட்ரோலுக்கும் ஒன்று சேர்ந்தது. கண்டி வாவியைச் சுற்றி நடக்கிறார், நடக்காத நாளில் நான் நடத்துகிறேன். கொத்து எப்போதாவது ஒருநாள்தான், அதிலும் பாதி எனக்கு!

போன கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, விரதமில்லாமல் கிளினிக் போனார். வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை. ரிப்போட்டை வாங்கி வெளியே வந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். நொதியம் இறங்கியிருந்தது, மூன்று மாதச் சீனியும் இறங்கியிருந்தது. வெட்கமில்லாமல் வீதியில் நின்று இரண்டு பேரும் அழுதோம், பிறகு அழுததை நினைத்துச் சிரித்தோம்.

தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஏற்பாட்டுக் குழுவின் ரோல்ஸ் தட்டு! என்னங்க, கையைத் தூக்கிக் காட்டுங்க. ஒண்ணுதானா? சரி, சாப்பிடுங்க. நாளைக்கே இரத்தம் எடுத்தாலும் நமக்கு இனிப் பயமில்லை.

பொறுமையோடு கேட்டு, என் கணவரைப் பார்த்துச் சிரித்து, அவரை உங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் சுகமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.