இருக்கேன்

— அடுத்த ஞாயித்துக்கெழம நீ வர வேணாம், தமிழ்செல்வி. புள்ளய மட்டும் வாசல் கேட்டாண்ட விட்டுட்டுப் போயிடு.

— அது முடியாதுக்கா.

— இன்னா முடியாது? மத்த அம்மாங்கல்லாம் அதோ மரத்தாண்ட டீ குடிச்சிக்கினு மாமியாரக் கொற சொல்லிக்கினு ஜாலியா கீறாங்க. நீ ஒருத்திதான் குளத்து ஓரத்துல கால உள்ள வுட்டுக்கினு குந்தியிருக்க. நாலு வாரமா பாக்கறேன்.

— சும்மாதான ஒக்காந்திருக்கேன். உங்க வேலைல எங்க குறுக்க வந்தேன்?

— வந்த. கோச்சிக்காத, சொல்றேன். இந்தக் குளத்துல பன்னெண்டு வருஷமா புள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறேன். அழுவும், கடிக்கும், தண்ணியிலயே ஒண்ணுக்கு போவும். உம்புள்ள ஒண்ணும் பண்ண மாட்டான். மூணு வயசு முடியல, துளி பயம் கெடயாது. மூச்சப் புடின்னா புடிக்கிறான், முங்குன்னா முங்கறான். ஆனா ஒவ்வொரு வாட்டியும் தண்ணியக் குடிச்சிட்டு எழுந்து இருமறான். இன்னாடா இது பேஜாரு, நம்மளுக்கு சொல்லிக் குடுக்கத் தெரியலியான்னு பாத்தேன். போன வாரந்தான் புடிச்சேன்.

— என்ன புடிச்சீங்க?

— கூட்ஸ் வண்டி ஒண்ணு போச்சே, கும்மிடிப்பூண்டி பக்கம், நீட்டா. அது தடதடன்னு போற வரைக்கும் மூணு வாட்டி முங்கினான். மூணும் சுத்தம். ஒரு சொட்டு உள்ள போவல. வண்டி கடந்துச்சு, நாலாவதுல இருமினான்.

— ரயிலுக்கும் எனக்கும் என்னக்கா சம்பந்தம்?

— வண்டி சத்தத்துல நீ கூப்பிட்டது அவனுக்குக் கேக்கல.

— நான்...

— அவன் தல உள்ள போனதும் 'தருண்'னு கூப்பிடற. உடனே அவன் வாயத் தொறக்கறான். அப்பறம் தண்ணி போவாம இன்னா போவும்?

— 'இருக்கேன்'னு சொல்லத்தான் தொறந்திருப்பான்.

— இன்னாது?

— வீட்ல அப்படித்தான்க்கா பழக்கம். நான் 'தருண்'னு சொன்னா அவன் 'இருக்கேன்'னு சொல்லணும். சமைக்கறப்ப கூப்பிடுவேன், துணி காயப்போடறப்ப கூப்பிடுவேன். கம்பெனில இருந்தா டீ பிரேக்ல கிரீச்சுக்குப் போன் போட்டு, ஒரு வாட்டி சொல்லச் சொல்லுவேன். அவன் மொதல்ல பேசின வார்த்தையே அதான். 'அம்மா' இல்ல. 'இக்கேன்'.

— சரியாப் போச்சு.

— கிரீச் மிஸ் கூட புகார் சொன்னாங்க. அட்டெண்டன்ஸ்ல யாரு பேரக் கூப்பிட்டாலும் இவனே 'இருக்கேன்'னு சொல்றானாம். லீவு போட்ட புள்ளைங்களுக்கும் சேத்து.

— சிரிப்பு வருது. ஆனா நீ சிரிக்கலியே.

— அவங்கப்பாவும் மொதல்ல சிரிச்சாரு. ஒரு நாள் நாஷ்டா முடியறதுக்குள்ள நாப்பத்தியோரு தடவ கூப்பிட்டேனாம், ஒக்காந்து எண்ணியிருக்காரு. பக்கெட்டெல்லாம் கவுத்து வச்சிருக்கோம், சம்ப்பு மூடிக்குப் பூட்டு போட்டிருக்கோம், அப்புறம் எதுக்கு தமிழுன்னு கேட்டாரு. அப்ப சிரிக்கல.

— நியாயமாத்தான் கேட்டிருக்காரு.

— படிக்கட்டுல குனியறான் பாருங்க. தருண்.

— இருக்கேன்.

— பாத்தியா? மக்குல தண்ணி மொண்டு வெளாடறான். அவன் எங்க போவப் போறான்? எனக்கு முட்டியளவு தண்ணி, கைக்கெட்டற தூரத்துல நான் நிக்கறேன். ஒண்ணு கேக்கறேன், தமிழு. இவ்ளோ பயம் வெச்சிக்கினு எதுக்கு நீச்சலுக்குக் கொண்டாந்து சேத்த?

— பயந்துதான் சேத்தேன். நீச்சல் கத்துக்கிட்டான்னா, கூப்பிடறத நிறுத்திடலாம்னு. எனக்கும் வாய் வலிக்குதுக்கா.

— உங்க ஊட்ல தண்ணியில போனது யாரு?

— உங்களுக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. தண்ணியப் பாக்கறப்ப உம்மூஞ்சி சொல்லுது.

— என் தம்பி. வசந்தகுமார். அவனுக்கு ஆறு வயசு, எனக்குப் பதினொண்ணு. ஆர்.கே.பேட்டை பக்கத்துல எங்களுக்கு நெலம். அன்னிக்கு நடவு. அம்மா சேத்துல எறங்கறப்ப, தம்பி பம்ப்செட் தொட்டில வெளாடட்டும், நீ அப்பப்ப கூப்பிட்டுக்கினு இருன்னு சொல்லிட்டுப் போனாங்க. தொட்டில என் நெஞ்சளவுதான் தண்ணி.

— ம்.

— மூக்கப் புடிச்சிக்கினு உள்ள ஒக்காந்து மூச்சடக்கற ஆட்டம் ஆடினான். நான் மோட்டார் ரூம் நெழல்ல லீவுப் பாடம் எழுதிக்கினு இருந்தேன். 'டேய் வசந்து'ம்பேன். 'இருக்கேன்க்கா'ம்பான். ரெண்டு வரி எழுதுவேன். திரும்பக் கூப்பிடுவேன். 'இருக்கேன்க்கா'. அப்படியே போச்சு. கடைசியாக் கூப்பிட்டப்ப தொட்டியப் பாத்துக்கினேதான் கூப்பிட்டேன். தல தெரியல, முங்கியிருக்கான்னு தெரிஞ்சுது. பதில் வரல. தண்ணி மேல நாலஞ்சு கொமுளி வந்துச்சு. அவ்ளோதான்.

— அப்பறம்?

— திமிரு பண்றான்னு நெனச்சேன். சொல்லாட்டிப் போடான்னு திரும்பிக்கினேன். ஒரு கணக்குப் போட்டேன், பெருக்கல் கணக்கு. முடிச்சிட்டுத் திரும்பினா அவன் மேல மெதக்கறான்.

— தாயே.

— அம்மா என்ன அடிக்கல, திட்டல. ஒண்ணுதான் கேட்டாங்க. பதில் வரலன்னா இன்னொரு வாட்டி கூப்பிட மாட்டியாடின்னு. போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஒண்ணத்தான் கேட்டாங்க. தம்பி போயி இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. அந்த இன்னொரு வாட்டியத்தான் கூப்பிட்டுக்கினே இருக்கேன்.

— பாசியில வழுக்கியிருக்கும், தமிழு. தல எங்கனா இடிச்சிருக்கும். பதினோரு வயசுப் புள்ளைக்கு இன்னா தெரியும்?

— எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அவன் எனக்குப் பதில் சொல்லாம இருந்ததே கெடயாதுக்கா. சண்ட போட்டுட்டு மூஞ்சத் திருப்பிக்கினு இருந்தாக்கூட, கூப்பிட்டா சொல்லுவான். அன்னிக்கு மட்டும் ஏன் சொல்லாம போனான்? அதான் எனக்கு ஆறல.

— நான் ஒண்ணு சொல்றேன், கேப்பியா? இப்ப இவன முங்க வெக்கிறேன். நீ வாயத் தொறக்காத. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. அஞ்சுல மேல வந்துடுவான். அவன் கத்துக்கறது என் கையில இல்ல, உன் வாயில கீது.

— பாக்கறேன்.

— தருண் நைனா, மக்க வெச்சிட்டு இங்க வா. ஆன்ட்டி கையப் புடி. மூச்ச இழு. கன்னத்த பலூன் பண்ணு. அப்படித்தான். முங்கு.

— தருண்.

— தமிழ்செல்வி...

— வேணும்னு கூப்பிடலக்கா. தன்னால வந்துடுச்சு.

— சரி வுடு. இருமு நைனா, துப்பு, நல்லாத் துப்பு. ஒண்ணும் இல்ல. தண்ணிக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு, அதான் உள்ள வருது.

— ஏண்டா கண்ணு, அம்மா கூப்பிட்டா மேல வந்து பதில் சொன்னாப் போதாதா?

— சொன்னேன்.

— எங்க சொன்ன? அம்மாவுக்குக் கேக்கலியே.

— உள்ள சொன்னேன். தண்ணிக்குள்ள. கொமுளி கொமுளியா மேல போச்சு. நீ பாக்கல?

— பாத்தேன்.

— அதான் 'இருக்கேன்'.

— தமிழு, இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு? கால வெளிய எடு. எழுந்து நாற்காலில குந்து.

— வேணாம். இன்னொரு தடவ முங்க வைங்க.

— அடுத்த வாரம் பாத்துக்கலாம். புள்ளயும் களச்சிட்டான்.

— இப்பவே. நான் கூப்பிட மாட்டேன்.

— கையக் கடிச்சிக்கினு ஒக்காரணுமா? சரி, உன் இஷ்டம். நைனா, கடைசி வாட்டி. பலூன் பண்ணு. முங்கு. ஒண்ணு. ரெண்டு. கூப்பிடாத தாயி. மூணு. பாரு, ஒரு கொமுளி இல்ல. நாலு. அஞ்சு. எழுந்திரு ராஜா. பாத்தியா தமிழு, சொட்டுத் தண்ணி உள்ள போவல. சிரிக்கிறான் பாரு.

— அம்மா, நீ ஏன் கூப்டல?

— கேக்கறான் பாரு, சொல்லு.

— அம்மா. அம்மா, இருக்கியா?

— இருக்கேன்டா.

— கைய வாயிலேர்ந்து எடு, தமிழு. பல்லு பதிஞ்சு ரத்தம் வருது. புள்ள கத்துக்கினான். இப்ப இன்னாத்துக்கு அழுவற?

— அவன் பதில் சொல்லாம போவலக்கா.

— யாரு, தருணா?

— வசந்து. நான் கூப்பிட்டேன், அவன் தண்ணிக்குள்ளயே வாயத் தொறந்து சொன்னான்.