ஒரே அறையில் ரெண்டு சம்பந்தி

பணிப்பெண்: ...சிரிக்காதீங்க ரெண்டு பேரும். தலைமை நர்ஸ் இப்போ வரப்போறாங்க.

மீசை: வரட்டுமே. நாங்க என்ன அவங்க வீட்டுச் சட்டியையா உடைச்சோம்?

பணிப்பெண்: காலையில நீங்க போட்ட கூச்சல்ல பக்கத்து அறைப் பாட்டி பயந்துபோய் அவசர மணியை அமுக்கிட்டாங்க. இந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்துல, நம்ம ஊர்ல இருந்து வந்த வயசானவங்க, ஒரே மொழிக்காரங்களைச் சேர்த்துப் போட்டா சந்தோஷமா இருப்பாங்கன்னு, பெருமையா உங்களை இங்க போட்டதே அந்த நர்ஸம்மாதான்.

மீசை: மொழி ஒண்ணா இருந்தா போதுமா? சம்பந்திங்களான்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்?

வழுக்கை: அதானே! யாரு கூட வேணா படுக்கலாம், பொண்ணு குடுத்தவன் கூடப் படுக்கலாமா? குறட்டையிலகூட குத்தம் சொல்றாருங்க இவரு.

மீசை: கேட்டியாம்மா? எம்பொண்ணும் இவரு பையனும் வேணாம்னு பிரிஞ்சு ஆளுக்கொரு ஊரு போயாச்சு. அதுங்க அத்துக்கிட்ட உறவை நாங்க ரெண்டு கட்டில் போட்டுக் காப்பாத்திட்டு இருக்கோம்.

வழுக்கை: யாரு பிரிஞ்சா?

மீசை: முதல்ல பல்லை மாட்டிட்டுப் பேசுங்க, எச்சி தெறிக்குது.

பணிப்பெண்: ஐயா, இது விளையாட்டு இல்ல. இன்னைக்கும் சண்டையைப் பார்த்தா உங்கள்ல ஒருத்தரை அந்தப் பூட்டு போட்ட கட்டடத்துக்கு மாத்திடுவாங்களாம். அங்க தமிழ்ல "ஆ"ன்னு கொட்டாவி விடக்கூட ஆள் கிடையாது.

மீசை: அப்போ இவரையே...

பணிப்பெண்: இவரையே?

மீசை: ...இல்ல. யாரும் போக வேணாம்.

பணிப்பெண்: அப்படின்னா அவங்க வந்து பாக்குறப்போ தன்மையா நாலு வார்த்தை பேசுங்க.

மீசை: தன்மையாவா? அது மட்டும் வேணாம்மா. வேற என்ன சொன்னாலும் செய்றேன். தோப்புக்கரணம் போடவா?

பணிப்பெண்: ஏன், நல்லதா பேசினா நாக்கு வெந்துடுமா? வாசல்ல வந்து நிக்கிறாங்க பாருங்க. ம்... ஆரம்பிங்க.

மீசை: ...வணக்கங்க. நல்லா தூங்கினீங்களா?

வழுக்கை: தூங்கினேங்க.

மீசை: குடிக்கத் தண்ணி எடுத்துத் தரட்டுங்களா?

வழுக்கை: வேணாங்க. ரொம்பத் தங்கமான மனுஷனா இருக்கீங்க... நீங்க யாருங்க?

பணிப்பெண்: ஐயா... தமாஷ் பண்ணாதீங்க.

வழுக்கை: தமாஷ் இல்லம்மா. இது யாரு வீடு? என் வீட்டுக்காரி எங்க போனா? ஏம்மா... எங்க அவ?

மீசை: கல்யாணப் பந்தியில உங்க அக்கா புருஷன் எலையை நான் வேணும்னு எடுக்கலங்க!

வழுக்கை: ...என்னது?

மீசை: அந்த மனுஷன் மூணு பந்தி சாப்பாட்டை ஒத்தை ஆளா உள்ள தள்ளிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னா, எலையை எடுக்காம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமாங்க?

வழுக்கை: அட... நீங்களா சம்பந்தி! வாயில சோறு இருக்கும்போதே எலையை உருவினவரு நீங்கதானுங்க! எங்க வம்சத்துக்கே அவமானம்ங்க!

மீசை: எந்த வம்சங்க? கூட்டிட்டு வர கார் அனுப்பினா, ஆளுக்கொரு ஜன்னல் வேணும்னு நடு ரோட்டுல அடம் பிடிச்ச வம்சமாங்க?

வழுக்கை: உங்க மீசையைச் செரைச்சா மூஞ்சின்னு சொல்ல ஒண்ணுமே மிஞ்சாதுங்க!

பணிப்பெண்: அய்யய்யோ, உள்ள வர்றாங்க... இருங்க, நான் வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசிட்டு வரேன்.

மீசை: போச்சு.

வழுக்கை: என்ன போச்சு?

மீசை: உங்க முடி. போங்க, போய் மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க. கதவைத் தாழ் போடாதீங்க.

பணிப்பெண்: ...அப்பாடா. போயிட்டாங்க.

மீசை: யாரை மாத்துறாங்களாம்?

பணிப்பெண்: யாரையும் இல்ல. "எங்க ஆளுங்கள்ல சம்பந்திங்க காலையில இப்படித்தான் நலம் விசாரிச்சுக்குவாங்க, இது எங்க பண்பாடு, நீங்க மதிக்கணும்"னு ஒரே போடா போட்டேன். பாவம், என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்க.

மீசை: அடிப்பாவி! ...நல்லா இரு. இப்படிக் கிட்ட வா. அவரு வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். நல்லவிதமா பேசினா அவருக்கு நான் யாருன்னே தெரியாதும்மா. திட்டினாத்தான் சம்பந்தி. கொஞ்ச நாளாவே அப்படித்தான். ஞாபகம் போனவங்களையும் அந்தக் கட்டடத்துக்குத்தானே அனுப்புறாங்க... அங்க அவரை யாரு திட்டுவா, சொல்லு. அதான் நான் மூச்சு விடல. நீயும் வெளிய சொல்லிடாத.

பணிப்பெண்: நான் எப்படிங்க சொல்றது? மாத்திரை குடுக்கப் போறப்பல்லாம் என்னை உங்க பொண்ணுன்னு நெனைச்சு, "மருமகளே, கோவத்தை விட்டுட்டு வீட்டுக்கு வந்துடும்மா"ன்னு கையைப் பிடிச்சுக்குறாரு... நானும் "இதோ கெளம்பிட்டேன் மாமா"ன்னு சொல்லித்தான் தினமும் முழுங்க வைக்கிறேன்.