அபாயக் கழிவு: இல்லை

தேநீர் குடித்த கோப்பையை நீங்கள் காகிதத் தொட்டியில் போட்டீர்கள். அது தப்பு. உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. வருத்தப்படாதீர்கள், எங்கள் கட்டடத்தில் பதினோரு மாடிப் படித்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள்.

அந்த வணிக வளாகத்துக்கு நான் பராமரிப்பு மேலாளர். மாடிக்கு மூன்று நிறத் தொட்டிகள் வைத்தது நான். 'உங்கள் குப்பை, எங்கள் பெருமை' என்று லிஃப்டுக்குள் எழுதி ஒட்டியதும் நான். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பசுமை விருது. வரவேற்பறைச் சுவரில் ஆறு பித்தளைத் தகடுகள். ஏழாவதற்கு ஆணியும் அடித்தாகிவிட்டது. மாத அறிக்கையில் 'அபாயக் கழிவு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எப்போதும் 'இல்லை' என்றே எழுதினேன். ஏழாம் மாடியில் பல் மருத்துவமனை இருக்கிறதா என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை.

கீழ்த்தளத்தில் குப்பை பிரிக்கிறவரை எல்லோரும் அக்கா என்போம். என்னைவிட வயதில் சின்னவர்தான்; நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். மரியாதையில் நான் குறை வைத்ததில்லை. ஒரு பையைத் தூக்கிப் பார்த்தே எந்த மாடி, அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். வாயும் கொஞ்சம் நீளம்.

"பகலெல்லாம் நான் பிரிச்சு விவாகரத்து பண்ணி வைக்கிறேன். சாயங்காலம் லாரிக்காரர் எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப் போட்டுச் சேர்த்து வைக்கிறாரு. நல்ல மனுஷன் சார்" என்பார்.

நானும் சிரிப்பேன். ஒரே லாரிதான், உண்மை.

விருதுக் குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு அவர் விரலில் ஊசி குத்தியது. கையுறை போடுங்கள் என்றேன். போட்டிருந்ததைக் கழற்றிக் காட்டினார், ஓட்டையோடு. அன்றிலிருந்து குப்பையில் கிடைத்த ஊசிகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்க்க ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனைக்குப் போனால், வேலை செய்யும் இடத்திலிருந்து கடிதம் கேட்டார்களாம்.

"மக பிரசவத்துக்கு வர்றா சார். பிள்ளையத் தூக்கலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும். இங்க குத்துன ஊசின்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இல்லைன்னா வர்றவங்ககிட்ட டப்பாவைத் திறந்து காட்டிடுவேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் தீப்பெட்டி கேட்கிற மாதிரி கேட்டார். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதினால் கட்டத்தில் 'உண்டு' என்றாகிவிடும்.

குழு காலை பத்து மணிக்கு வந்தது. குப்பை பிரிக்கும் அறையைக் கழுவச் சொல்லி அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, கதவை வெளியே பூட்டினேன். வாடை மேலே வரக் கூடாதே. காற்றை வெளியேற்றும் மின்விசிறியையும் நிறுத்தினேன். அதன் இரைச்சல் வரவேற்பறை வரை கேட்கும். விருந்தாளிகள் முன்னால் நன்றாயிராது.

ஆறாவது தகட்டின் முன் குழுத் தலைவி நின்றிருந்தபோது கீழே தட்டும் சத்தம் கேட்டது. டப்பாவால் தட்டியிருக்கிறார், உள்ளே ஊசிகள் கலகலத்தன. என்ன சத்தம் என்று அந்த அம்மா கேட்டார். வெந்நீர்க் குழாய் சூடேறும்போது அப்படித்தான் என்றேன். தன் வீட்டிலும் இதே தொல்லை என்றார். எந்தக் குழாய் ரிப்பேர்க்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். தட்டல் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

இல்லை, கவனித்தேன். இருபத்திரண்டாவதோடு நின்றது.

நின்றது என்று சொல்லலாமா தெரியவில்லை. என் மனைவி சர்க்கரை மாத்திரை டப்பாவை எடுத்தால் என் வாய் எண்ண ஆரம்பிக்கிறது. அந்த அறையின் கதவை இப்போது கழற்றியே விட்டார்கள்; அங்கிருந்துதான் அந்தத் தட்டல் இன்னும் வருகிறது. மூன்று தொட்டிகளின் மூடியையும் திறந்து பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டுவரை கேட்டுவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருப்பதிலேயே விடிந்துவிடுகிறது. நீங்கள் கையில் ஆட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் நல்லது.

பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் வெந்துபோயிருந்தது என்கிறீர்கள். இருக்கும். தரை கழுவ இரண்டு கேன் கொடுத்திருந்தேன். ஒன்றில் பிளீச்சிங், ஒன்றில் கழிப்பறை ஆசிட். மறுசுழற்சிக்காரர்கள் லேபிள் ஒட்டிய கேனை எடுப்பதில்லை, அதனால் முன்கூட்டியே உரித்திருந்தேன். இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் தரை பளிச்சென்று ஆகும் என்று அக்காவிடம் சொன்னதும் நான்தான். விஷவாயு கிளம்பும், ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள் என்று மாடி ஊழியர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுப்பதும் நான். கீழ்த்தளத்தாருக்கு அந்த வகுப்பில் நாற்காலி போடுவதில்லை.

அவர் ரத்தத்தில் ஒரு நோயும் இல்லை என்று உங்கள் காகிதத்தில் பார்த்தேன். பிள்ளையைத் தாராளமாகத் தூக்கியிருக்கலாம். மகளுக்குச் சுகப்பிரசவம் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் நிம்மதிதான்.

திட்டமிட்டதா, அந்த நேரத்துக் கலக்கமா என்று கேட்டீர்கள். கலக்கம் என்றே எழுதிக்கொள்ள நீங்கள் தயாராக இருப்பது தெரிகிறது. உங்களுக்கு நல்ல மனது. ஆனால் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். அன்றைய தேதியில் அக்காவுக்கு 'விடுப்பு' என்று இருப்பது என் கையெழுத்து. முந்தின நாள் மாலையே எழுதி வைத்துவிட்டேன். எந்த வேலையையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிப்போடுகிறவன் இல்லை நான்.